பத்துப் பங்கில் இல்லாத வீடு

கான்லிங் மாவட்டத்தில் ஏழு பங்கு மலை, இரண்டு பங்கு தண்ணீர், ஒரு பங்கு வயல். பியன் லாய்ஷுனுக்கு எழுதப் படிக்கத் தெரிவதற்கு முன்பே இது தெரியும். பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருந்தது, சோளச் சாராயப் புட்டியில் எழுதியிருந்தது, அவருடைய கல்யாணப் பத்திரத்தின் பின்பக்கத்திலும் ஏனோ அச்சடித்திருந்தது. கூட்டினால் பத்து. கூட்டினால் சரியாக வருகிற விஷயத்தில் யாருக்குச் சந்தேகம் வரும்? ஐம்பத்தொன்பது வயதுவரை அவருக்கும் வரவில்லை.

மாவட்ட அலுவலகத்தில், வீட்டுமனைப் பிரிவின் மூன்றாம் எண் ஜன்னலில்தான் முதன்முதலாக வந்தது. சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே ஒரு பெண் அவருடைய மனுவை வாங்கிப் பார்த்தாள், எதிரே இருந்த திரையில் எதையோ தேடினாள்.

"பெரியப்பா, உங்க வீடு தண்ணில இருக்கே?"

"மழை பேஞ்சா கொஞ்சம் ஒழுகும்மா. தண்ணின்னு சொல்ற அளவுக்கு இல்ல."

"ஒழுகறதச் சொல்லல. வீடே தண்ணிக்குள்ள இருக்கு. ஷியாவா கிராமம் முழுக்க நீர்ப்பரப்பு. நீர்ப்பரப்புல செவுரு கட்ட நாங்க அனுமதி குடுக்க முடியாது. நாலாவது மாடிக்குப் போங்க."

லாய்ஷுன் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். ஷியாவாவிலிருந்து பதினோரு கிலோமீட்டர் நடந்து வந்த புழுதி அதில் ஒரு விரல் கனத்துக்கு இருந்தது.

அவர் கேட்டது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. வீட்டின் பின்சுவர் கோடை மழையில் ஊறி வெளிப்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. இரண்டு பாப்ளர் மரக் கழிகளை முட்டுக்கொடுத்து நிறுத்தி வைத்திருந்தார். கூரை உத்திரமெல்லாம் அந்தச் சுவரின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. கூரைக்குக் கீழே, அடியில் நெருப்புப் போட்டுச் சூடேற்றுகிற செங்கல் கட்டிலில், அவர் மனைவி ருன்யிங் படுத்திருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடுப்புக்குக் கீழே விழுந்துவிட்டது. குளிரில் கிடத்தினால் அடுத்த தடவை ஆளே போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் இருந்தது அந்த ஒரு சூட்டுக் கட்டில்தான். பனி இறங்குவதற்குள் சுவரைப் பிரித்துக் கட்ட வேண்டும். அனுமதி முத்திரை இல்லாமல் கை வைக்க முடியாது. போன வருஷம் கோவ் வீட்டுப் பன்றிக் கொட்டகையை முத்திரை இல்லாத குற்றத்துக்காக இயந்திரத்தை விட்டு இடித்தபோது உள்ளே இரண்டு பன்றிகள் இருந்தன.

நாலாவது மாடியில் மாவட்ட வரலாற்றேட்டு அலுவலகம். அதன் இயக்குநர் மியாவ் நல்ல மனிதர். தேநீர் கொடுத்தார், நாற்காலி கொடுத்தார், ஒன்றே கால் மணி நேரம் விளக்கமும் கொடுத்தார்.

"பியன் பெரியவரே, நம்ம மாவட்டத்தோட புது ஏடு வரப்போகுது. முதல் அத்தியாயம், மாவட்டக் கண்ணோட்டம். மக்கள், பொருளாதாரம், இயற்கை அமைப்பு. மாகாணத்துக்காரங்க வானத்துலேர்ந்து படம் புடிச்சு அனுப்பினாங்க. மலை ஏழு, சரியா இருந்துச்சு. வயல் ஒண்ணு, சரியா இருந்துச்சு. தண்ணி ரெண்டு இருக்கணும். கால் பங்குகூட இல்ல! ஆத்துல தண்ணி ஓடி இருவது வருஷம் ஆச்சாம். என்கிட்ட ஒருத்தரும் சொல்லல."

"நாங்க வருஷா வருஷம் மனு குடுத்தோமே, இயக்குநரே."

"அது நீர்வளப் பிரிவுக்குக் குடுத்திருப்பீங்க. சரி, எங்களுக்கு ரெண்டு வழி இருந்துச்சு. ஒண்ணு, வாக்கியத்த மாத்தறது. அந்த வாக்கியம் முந்நூத்தி நாப்பது வருஷமா இருக்கு. பேரரசர் காலத்துல எழுதினது. அதத் தொட நான் யாரு? இன்னொண்ணு, நிலத்தத் திருத்தறது. நிலம் எப்பவும் மாறிக்கிட்டுத்தான இருக்கு, அதுக்குப் பழக்கம் உண்டு."

"என்ன திருத்தினீங்க?"

"மலையும் இல்லாம வயலும் இல்லாம எது இருக்கோ, அதெல்லாம் தண்ணி. வேற என்னவா இருக்க முடியும்? பத்துக்குள்ள வேற பங்கே இல்லியே."

லாய்ஷுன் கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஏழு, ஒன்பது, பத்து. கையில் விரல் தீர்ந்துவிட்டது.

"அப்ப ஜனங்க எங்க இருக்கறது?"

"ஜனங்க 'மக்கள்' பகுதியில இருக்காங்க. எட்டாம் பக்கம். இது 'இயற்கை அமைப்பு', மூணாம் பக்கம். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது."

"இந்த ஆபீஸு?"

"இது மலை," என்றார் மியாவ். "அஸ்திவாரத்துல பாறை இருக்கு. நானே நேர்ல இறங்கிப் பாத்தேன்."

ஊருக்குத் திரும்பி ருன்யிங்கிடம் சொன்னபோது அவள் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். அவளுக்கு விழுந்தது இடுப்புக்குக் கீழேதான், வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

"ஏ கிழவா, ரெண்டு வருஷமா அசைய முடியாமக் கெடக்கேன்னு அழுதுக்கிட்டிருந்தேன். இப்பத்தான தெரியுது, மெதந்துக்கிட்டு இருக்கேன்னு."

"சும்மா இருடி கிழவி. எனக்கு வயிறு எரியுது."

"எரியட்டும். தண்ணிக்குள்ளதான இருக்க, அணைஞ்சிரும்."

மறுவாரமே கிராமக் கமிட்டித் தலைவர் சியாவ் ஒரு மூட்டையோடு வந்தார். சியாவ் லாய்ஷுனோடு ஒரே வகுப்பில் படித்தவர். ஒரே வகுப்பில் படித்தவன் தலைவனாகிவிட்டால் அவனைத் திட்டவும் முடியாது, நம்பவும் முடியாது. மூட்டையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு மிதவைச் சட்டையை எடுத்து நீட்டினார்.

"வீட்டுக்கு ஒண்ணு. கையெழுத்துப் போடு."

"நாங்க ரெண்டு பேர் இருக்கோம்."

"வீட்டுக்கு ஒண்ணுன்னுதான் விதி. ஆளுக்கு ஒண்ணுன்னா 'மக்கள்' பகுதிக்கில்ல எழுதிக் கேக்கணும்?"

பிறகு அவர் வாசலில் ஒரு பலகையை நட்டார். 'ஆழம் நான்கு மீட்டர். நீந்தாதீர்.' லாய்ஷுன் மிதவைச் சட்டையை மடித்து ருன்யிங்கின் முதுகுக்கு அண்டை கொடுத்தார். புண் வராமல் இருக்க அது நன்றாகவே உதவியது, அதையும் சொல்ல வேண்டும்.

தண்ணீர் வந்துவிட்டால் மீன் வர வேண்டாமா? கண்ணோட்டத்தின் பொருளாதாரப் பகுதியில் ஷியாவாவுக்கு ஆண்டுக்கு நாற்பத்திரண்டு டன் கெண்டை என்று எழுதினார்கள். லாய்ஷுன் மீனவக் குடும்பம் ஆனார். முற்றத்தில் அவர் போட்டிருந்த பூண்டுப் பாத்தியை ஒருவர் வந்து அளந்து நீர்த்தாவரம் என்று குறித்துக்கொண்டார். அவருடைய ஆறு கோழிகளும் வாத்துகள் ஆயின. கால்நடை டாக்டர் ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்து, 'ஆறு வாத்து, உடல்நலம் நன்று, நீந்த விருப்பமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த ஆளுக்காவது கொஞ்சம் மனசாட்சி இருந்தது.

இதெல்லாம் நடந்து முடிவதற்குள் அக்டோபர் பாதி போய்விட்டது. சுவர் இன்னும் நாலு விரற்கடை சாய்ந்தது. ராத்திரி காற்றடித்தால் கழிகள் முனகுவது படுக்கை வரை கேட்டது. லாய்ஷுன் சியாவின் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். முத்திரை கிடைக்காமல் எழுந்திருக்கிற உத்தேசம் அவருக்கு இல்லை.

சியாவ் பல்லைக் குத்திக்கொண்டே வெளியே வந்தார். "ஏன்டா லாய்ஷுன், என் மானத்த வாங்கற? சரி, நான் ஒரு வழி சொல்றேன், கேளு. இருபத்தி மூணாம் தேதி மாகாணத்துச் சோதனைக் குழு வருது. கண்ணோட்டத்துல எழுதினது உண்மையான்னு பாக்க. நீ உன் முற்றத்துல நின்னு வலை வீசற. அவ்வளவுதான். மறுநாள் காலைல முத்திரை உன் கையில."

"தண்ணிக்குள்ள செவுரு கட்ட அனுமதி இல்லன்னு சொன்னாங்களே?"

"செவுருன்னு ஏன் எழுதற? கரையப் பலப்படுத்தறதுன்னு எழுது. கரைக்கு அனுமதி உண்டு."

லாய்ஷுனுக்கு அப்பாடா என்று இருந்தது. இவ்வளவு சுலபமாக இருந்ததை இத்தனை நாள் யாரும் சொல்லவில்லையே என்று சந்தோஷப்பட்டார். பாவி மனுஷன், சந்தோஷப்பட்டார்.

இருபத்தி மூன்றாம் தேதி நல்ல வெயில். சோதனைக் குழுவின் துணைத் தலைவர் தெங், நீர்ப்பரப்பைப் படகில்தான் பார்வையிட வேண்டும் என்று விதி இருந்ததால், படகில் வந்தார். படகை டிராக்டரின் பின்வண்டியில் ஏற்றிக் கட்டியிருந்தார்கள். அதில் தெங்கும் மியாவும் இன்னும் நாலு பேரும் மிதவைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஷியாவாவின் தெருவில் படகு புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஊர்ந்தது. தெங் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார்.

"தண்ணி ரொம்பத் தெளிவா இருக்கு," என்றார். "அடி வரைக்கும் தெரியுதே!"

எல்லோரும் அதை எழுதிக்கொண்டார்கள். மியாவ், "மாசு கலக்கவே விடறதில்லைங்க," என்றார்.

லாய்ஷுன் முற்றத்தில் தயாராக நின்றார். வலைக்குப் பள்ளிக்கூடத்துப் பூப்பந்து வலையைக் கொடுத்திருந்தார்கள். மிதவைச் சட்டை இல்லாமல் மீனவர் நிற்கக் கூடாது என்று சியாவ் பிடிவாதம் பிடித்ததால், ருன்யிங்கின் முதுகிலிருந்து அதை உருவி மாட்டிக்கொண்டார். அவளுக்குத் தலையணையை அண்டை கொடுத்து ஜன்னலோரம் சாய்த்து உட்காரவைத்தார். வேடிக்கை பார்க்கட்டும், பொழுது போகட்டும்.

படகு வாசலுக்கு வந்தது. லாய்ஷுன் வலையைச் சுழற்றி வீசினார். பூண்டுப் பாத்தியில் விழுந்தது. ஒரு கோழி அலறிக்கொண்டு ஓடியது.

"ஏ கிழவா!" ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ருன்யிங் கத்தினாள். "வால் துண்டு எனக்கு! தலைய அந்தப் பெரிய மனுசங்களுக்குக் குடு, அவங்களுக்குத்தான் அது இல்ல!"

சொல்லிவிட்டு வாயைத் திறந்து சிரித்தாள். கன்னம் குலுங்க, பல் போன இடமெல்லாம் தெரியச் சிரித்தாள். இரண்டு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு தடவை வீசச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவள் சிரிப்பதற்காகவே வலையை வாரிச் சுருட்டி இன்னொரு தடவை வீசினார். அந்த நேரம் பார்த்துப் படம் பிடிக்கிறவன் படம் பிடித்தான்.

"மீனவர்கள் மகிழ்ச்சியா இருக்காங்க," என்றார் தெங். "நல்லது."

"ஐயா," என்று லாய்ஷுன் வாசல்வரை ஓடினார். "பின்பக்கம் கரை கொஞ்சம் பலவீனமா இருக்குங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

"பாத்துருவோம்," என்றார் தெங். அவரும் நல்ல மனிதர்தான். படகு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனது, கூடவே சியாவும் போனார். லாய்ஷுனுக்கு மனசு நிறைந்துவிட்டது. பெரிய அதிகாரி தன் கண்ணாலேயே பார்க்கப் போகிறார்!

பெரிய அதிகாரி பார்த்தார். "அது என்ன கழி?"

படகில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தண்ணீருக்கு நடுவில் ஒரு வீட்டுச் சுவர் இருக்கிறது, அதற்கு முட்டுக் கொடுத்திருக்கிறது என்று சொல்ல யாராலும் முடியவில்லை. சொன்னால் மூணாம் பக்கமே பொய்யாகிவிடும்.

"கள்ளத்தனமா மீன் மறிக்கறதுக்கு நட்டது," என்றார் மியாவ். "நீரோட்டத்துக்குத் தடை. இன்னிக்கே எடுத்துடறோம்."

"இன்னிக்கு எதுக்கு, இப்பவே எடுங்களேன். டிராக்டர் இருக்கே," என்றார் தெங்.

கயிறு கட்டுகிற சத்தமும் டிராக்டர் உறுமுகிற சத்தமும் முன்முற்றத்துக்குக் கேட்டன. "வேணாம்! வேணாம், சியாவ்! அவ உள்ள இருக்காடா!" என்று கத்திக்கொண்டு லாய்ஷுன் ஓடினார். காலில் வலை சிக்கி விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். மூலை திரும்புவதற்குள் இரண்டு கழிகளும் வெளியே வந்துவிட்டன. படகில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். கைதட்டி முடிகிற வரை சுவர் நின்றது. பிறகு பின்பக்கமாகச் சாய்ந்து படுத்தது. உத்திரமும் ஓடும் கூரையும் மொத்தமாக உள்ளே இறங்கின.

ஊர்ஜனம் மண்வெட்டியும் வெறுங்கையுமாக ஓடி வந்து தோண்டியது. தெங் அதைத் தடுக்கவில்லை. முறைப்படி நகரத்திலிருந்து நீர் மீட்புப் படையை வரவழைத்தார். அவர்கள் இரண்டு மணி நேரம் கழித்து ரப்பர் படகும் காற்றுக் குழாயுமாக வந்து சேர்ந்தபோது ருன்யிங்கை வெளியே எடுத்து, மிதவைச் சட்டையை அவிழ்த்துத் தலைக்கு வைத்துப் படுக்கவைத்திருந்தார் லாய்ஷுன். வாய் முழுக்க மண். அவர் விரலால் வழித்து வழித்து எடுத்துக்கொண்டே இருந்தார்.

இறப்புச் சான்றிதழ் எழுத வந்த டாக்டர் தயங்கினார். "மூச்சுக் குழாய்ல மண்ணு அடைச்சிருக்கு. எலும்பு வேற..."

"அது ஆத்துக்கு அடியில இருக்கற மண்ணு," என்றார் மியாவ். "நீரில் மூழ்கின்னு எழுதுங்க. நீர்ப்பரப்புல வேற எப்படிச் சாவாங்க?"

அந்தச் சான்றிதழில் கைரேகை வைக்காமல் அடக்கச் சீட்டு தர மாட்டார்கள். லாய்ஷுன் ஒரு நாள் முழுக்க வைக்கவில்லை. சியாவ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

"லாய்ஷுன், நான் செத்தாலும் இத மறக்க மாட்டேன். ஆனா அவள எத்தன நாள்டா இப்படிப் பாய் மேல போட்டு வச்சிருப்ப?"

லாய்ஷுன் கட்டைவிரலை நீட்டினார். சியாவே அதைப் பிடித்து மையில் தோய்த்து அழுத்தினார். ருன்யிங்கை மேற்குச் சரிவில் புதைத்தார்கள். அது மலை. ஏழு பங்கில் அவளுக்கு ஒரு ஆள் நீளம் கிடைத்தது.

மூன்றாம் நாள் மியாவ் இடிபாட்டின் முன்னால் கூட்டம் போட்டு ஆறுதல் சொன்னார். "தோழர் ருன்யிங்கின் மரணம் நமக்கெல்லாம் ஒரு பாடம். நீர்வளம் மிக்க மாவட்டத்தில் வாழ்கிறவர்கள் நீர்ப் பாதுகாப்பை மறக்கலாமா? அரசு அந்த வீட்டுக்கு ஒரு மிதவைச் சட்டை கொடுத்தது. அதற்குக் கையெழுத்து இருக்கிறது. சம்பவ நேரத்தில் அது யார் உடம்பில் இருந்தது? படம் இருக்கிறது. யாரையும் நான் குறை சொல்லவில்லை. இயற்கை கொடுத்த வளம் இது, கொஞ்சம் எடுத்துக்கொள்ளவும் செய்யும்." ஊரே தலையைக் குனிந்துகொண்டது. லாய்ஷுன் மட்டும் அண்ணாந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஏழு நாளும் அவர் ஒரு வாய் கஞ்சி குடிக்கவில்லை. தூக்கத்தில் சட்டைப் பொத்தான்களைத் தடவித் தடவிக் கழற்றினார் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

அவருக்கு அப்புறம் இருந்தது ஒரே ஒரு ஆசை. செத்தவர் படத்தைக் கறுப்புச் சட்டத்தில் மாட்டி ஊதுபத்தி ஏற்ற வேண்டும். படம் இல்லை. கல்யாணப் படம் கூரைக்கு அடியில் நசுங்கிப் போயிற்று. அடையாள அட்டையை இறப்பைப் பதிந்தபோதே வாங்கி ஓட்டை போட்டார்கள், ஓட்டை முகத்தில் விழுந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. வலை வீசியபோது ஒருவன் படம் பிடித்தானே! பின்னால் ஜன்னல் இருந்ததே! அவள் சிரித்துக்கொண்டு இருந்தாளே!

அன்றைக்கே பதினோரு கிலோமீட்டர் நடந்து நாலாவது மாடிக்குப் போனார். மியாவ் எழுந்து நின்று வரவேற்றார், தேநீர் கொடுத்தார். ஏடு அச்சாகி வந்திருந்தது. செம்மைப் பதிப்பு, தங்க எழுத்து. "முதல் படமே நீங்கதான், பியன் பெரியவரே!" என்று பிரித்துக் காட்டினார். 'ஷியாவா நீர்ப்பரப்பில் மகிழ்ச்சியுடன் மீனவர்' என்று கீழே எழுதியிருந்தது. ஆரஞ்சுச் சட்டையோடு லாய்ஷுன் வாயெல்லாம் பல்லாக நின்றார். அவருக்குப் பின்னால் ஜன்னல் இருந்த இடத்தில் நீல நிறத்தில் சின்னச் சின்ன அலைகள் இருந்தன.

"ஜன்னல் எங்க?"

"எடுத்துட்டோம். தண்ணி மேல ஜன்னல் எப்படி இருக்கும்? பாருங்க, எவ்வளவு இயற்கையா இருக்கு. செஞ்ச பையன் கெட்டிக்காரன்."

"எடுக்கறதுக்கு முந்தி இருந்த படம்?"

"அதுக்கு மேலதான் இத வரைஞ்சோம். அதத் தனியா எதுக்கு வச்சுக்கணும்?"

லாய்ஷுன் அந்த அலைகளை விரலால் தடவிப் பார்த்தார். மியாவ் பெரிய மனசு பண்ணி ஒரு பிரதியை இலவசமாகவே கொடுத்தார்.

இப்போது அவர் கோழிக் கொட்டகையில்தான் இருக்கிறார், ஆறு வாத்துகளோடு. கொட்டகைச் சுவரில் அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கறுப்புச் சட்டத்தில் மாட்டியிருக்கிறார். காலையில் ஆவியில் வெந்த ரொட்டி ஒன்றை முன்னால் வைத்து மூன்று ஊதுபத்தி ஏற்றுகிறார். பக்கத்து வீட்டுக்காரி முதல் நாள் பார்த்துவிட்டுப் பதறினாள்.

"ஐயையோ, என்ன அண்ணே இது! உசிரோட இருக்கறப்ப உங்க படத்துக்கே ஊதுபத்தி வைப்பாங்களா?"

"எனக்கு இல்லம்மா," என்றார் லாய்ஷுன். என் தோளுக்குப் பின்னால பாரு என்று அந்த நீல அலைகளைக் காட்டினார். "அங்க இருக்கா. சிரிச்சுக்கிட்டு இருக்கா."

அடுத்த வருஷத் திருத்தப் பதிப்புக்காக விவரம் சேகரிக்க வந்த பெண் இதை வாசலில் நின்று பார்த்தாள். நல்ல பெண், ஒன்றையும் விடாமல் குறித்துக்கொண்டாள். திருத்தப் பதிப்பில் எட்டாம் பக்கத்தில், 'மக்கள்' பகுதியில், எளிமையானவர்கள், உழைப்பாளிகள், குறை சொல்லாதவர்கள் என்ற பழைய வரிக்கு அடுத்ததாக ஒரு புதிய வரி சேர்ந்திருக்கிறது: 'தண்ணீரைத் தெய்வமாகக் கும்பிடும் வழக்கமுடையவர்கள்.'